கீழ் மூலையில் கசிந்த வெளிச்சம்

1

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால் என் தம்பி செந்தில், "அக்கா தைவான்ல டி.வி. ரிப்பேர் பாக்குது" என்று சொல்லி முடித்துவிடுவான். நானும் மறுப்பதில்லை. ஒருமுறை கீழ்வேளூர் வீட்டில் கல்யாணப் பந்திக்குக் காத்திருந்தபோது உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். திரையில் கறுப்பு கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை என்றேன். பக்கத்தில் இருந்த சித்தப்பா, "அதுக்கா காசு குடுக்குறானுவ?" என்று கேட்டார்.

அதற்குத்தான் கொடுக்கிறார்கள். எல்.சி.டி. திரை என்று நாம் சொல்வதற்குப் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. படத்தில் அமாவாசை இருட்டு வந்தாலும் அது அணைவதில்லை. அதற்கு முன்னால் இரண்டு கண்ணாடிகள், அவற்றுக்கு நடுவே திரவப் படிகம், இரண்டு கண்ணாடிகளின் வெளிப்பக்கத்திலும் ஒட்டிய மெல்லிய படலங்கள். பின்னால் இருக்கும் படலம் ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிட்டு அனுப்பும். முன்னால் இருப்பது அந்தத் திசைக்குக் குறுக்கே நிற்கும். கறுப்பு வேண்டிய இடத்தில் ஒளி முன்படலம்வரை வந்து முட்டி நின்றுவிட வேண்டும். எங்கள் தொழிலில் கறுப்பு தானாக வருவதில்லை. பிடித்து நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும்.

கண்ணாடியை ஏதாவது இழுத்தாலோ நெருக்கினாலோ, உள்ளே போகும் ஒளியின் திசை சற்றே திருகிக்கொள்ளும். திருகிய அளவுக்கு ஒளி முன்படலத்தைத் தாண்டி வந்துவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய மூலையில் நீர்த்த பாலைத் தெளித்தது போல ஒரு வெண்மை தெரியும். இதுதான் ஒளிக்கசிவு. கசிவு என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு வரப்பில் நண்டு போட்ட வளை ஞாபகம் வரும், மண்ணை அள்ளி வைத்து மிதிக்கத் தோன்றும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இங்கே அடைக்க ஓட்டை எதுவும் கிடையாது. இறுக்கினால் அந்த இறுக்கத்தினாலேயே இன்னும் கசியும். சட்டத்தின் திருகாணியைத் தளர்த்துவது, படலத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் பசையை இளக்கமாக்குவது, இப்படித்தான் குறைக்க முடியும். வெப்பத்திலும் ஈரத்திலும் படலம் சுருங்கும். பசை விறைப்பாக இருந்தால் சுருங்கும் படலம் கண்ணாடியையும் சேர்த்து இழுக்கும். அந்த இழுப்பு மூலைகளில்தான் அதிகம். பசை ரொம்ப இளகினாலோ படலம் உரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் சரியான பதத்தைத் தேடுவதில்தான் என் காலம் போகிறது. அதை நன்றாகவே செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

திரைகளைச் சோதிக்க எங்களிடம் ஓர் அறை உண்டு. உள்ளே வெப்பமும் ஈரமும் கலந்து, கதவைத் திறந்தால் முகத்தில் ஈரத்துணியைப் போர்த்தியது போல இருக்கும். முதல் நாள் அதன் முன்னால் நின்று, எங்கள் ஊர் போலவே இருக்கிறது என்றேன். ஊர்ப் பெயர் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். இப்போது அந்த அறைக்குப் பெயரே கீழ்வேளூர். அந்தப் பெயரில் ஓர் எழுத்தைக்கூடச் சரியாக உச்சரிக்க முடியாத தைவான் பையன்கள், புதுத் திரைகளைக் கீழ்வேளூருக்கு அனுப்பியாகிவிட்டது என்று தினமும் எனக்குச் செய்தி போடுகிறார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. போன கார்த்திகையில் என் மகள் விஷயத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது முடிந்து நாளாகிவிட்டது. இன்னமும் கைப்பேசி ஒலித்தால் ஊரிலிருந்து வருகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

2

வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் புலம்பல் ஒன்றுதான். பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள், தமிழ் பேசுவதில்லை, இட்லியைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். என் மகள் கயலும் விலகித்தான் போனாள். ஆனால் அவள் விலகிப் போனது எங்கள் ஊருக்கே. இதற்கு யாரிடம் போய்ப் புலம்புவது?

கயல் பிறந்தது தைவானில்தான். சிறுமியாக இருந்தபோது அவளுடைய தமிழ் சீன மொழியின் மேல் நட்ட நாற்று போல இருக்கும். சீனத்தில் கேள்வியின் கடைசியில் 'மா' என்று ஓர் ஒலி வரும். அதைத் தமிழிலும் கொண்டுவந்து, யாரைக் கண்டாலும் "சாப்டாச்சா மா?" என்பாள். ஊருக்கு வந்தால், வெளிநாட்டில் வளர்ந்தும் எவ்வளவு அன்பாகப் பேசுகிறது பிள்ளை என்று தெருவே மெச்சும். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

பள்ளி முடித்ததும் இங்கே நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வேண்டாம் என்றாள். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேளாண்மை படிக்கப் போகிறேன் என்றாள். சேற்றில் இறங்கக் கூடாது என்று அடம்பிடித்துப் படித்து, இயற்பியலில் பட்டம் வாங்கி, கடல் தாண்டி வந்தவள் நான். என் மகள் விமானம் ஏறிப்போய் அதே சேற்றில் இறங்கினாள். வார நாட்களில் விடுதி, வார இறுதியில் கீழ்வேளூரில் மாமா வீடு. செந்திலின் வயலில் ஓர் ஓரத்தை வாங்கிக்கொண்டு, உப்புத் தண்ணீர் ஏறிய மண்ணில் எந்த நெல் ரகம் தாக்குப்பிடிக்கும் என்று பாத்தி பாத்தியாக நட்டு வைத்திருந்தாள். படிப்பின் கடைசி வருடத்துக்கு அவள் தரவேண்டிய ஆய்வு அதுதான். செந்தில் அதற்கு ஒரு பெயர் வைத்தான், "தைவான் பண்ணை".

எனக்கு அவள் சாலையில் போவது பயம், பஸ்ஸில் தொங்குவது பயம், தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்காருவது பயம். தினமும் கேட்டேன், தினமும் சலித்துக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு மேலாக ஒரே ஒரு பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். திரும்பி வருகிறேன் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் என் ஆசைக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. கயலின் தைவான் குடியிருப்பு அட்டை காலாவதியாகப் போவதாகக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. நேரில் வந்து புதுப்பிக்காவிட்டால், அதற்குப்பிறகு அவள் பிறந்த ஊருக்கே சுற்றுலா வருபவளாகத்தான் வர முடியும். அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாக, நேரில் வரவேண்டும் என்பதை நான்கு விதமாகச் சொன்னாள். நான் கயலிடம் அதை நாற்பது விதமாகச் சொன்னேன்.

"இப்ப எப்படிம்மா வர்றது? பயிர் பொதியா இருக்கு. கதிர் வர்ற நேரத்துல நான் இல்லன்னா இந்த வருஷமே போச்சு" என்றாள்.

"அட்டை போனா?"

"அட்டை போனா அட்டைதானே போகும்."

இதைச் சொல்லும்போதே இருமினாள்.

3

இருமல் இரண்டு வாரமாக இருந்திருக்கிறது. தொடர்ந்து மழை, நனைந்தபடியே வயலில் நின்றிருக்கிறாள். அப்புறம் சாயங்காலமானால் காய்ச்சல். எங்களிடம் மூச்சு விடவில்லை. ஒரு சனிக்கிழமை செந்திலே அவளைக் காரில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனான். மருத்துவர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னாராம். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில், படமும் அறிக்கையும் திங்கட்கிழமை நேராக மருத்துவரிடமே போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செந்தில் செய்தான். எக்ஸ்ரே எடுத்தவரைக் கெஞ்சி உள்ளே போய், அவருடைய மேசைத் திரையில் தெரிந்த படத்தைக் கைப்பேசியில் பிடித்தான். முக்கியமான இடம் பெரிதாகத் தெரியட்டும் என்று ஓரங்களை வெட்டினான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கீழே, 'கயல் எக்ஸ்ரே. யாராச்சும் பாத்து சொல்லுங்க.'

நாங்கள் அப்போது சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் கணவர்தான் முதலில் திறந்தார். விலா எலும்புகள் வரிசையாக, நடுவே கருமையாக நுரையீரல். எக்ஸ்ரேயில் காற்று கறுப்பாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கருமையின் கீழ் மூலையில் ஒரு வெண்மை, கீழிருந்து எழும்பி மேலே போகப்போகக் கரைந்திருந்தது.

குழுவில் சொந்தங்கள் விழித்துக்கொண்டன. துபாயில் பாதுகாப்பு மேலாளராக இருக்கும் பெரியம்மா மகன் அந்த மூலையைச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினான். நுரையீரலில் நீர் கோத்தால் இப்படித்தான் மூலை வெளுக்கும், என் மாமனாருக்கும் இப்படித்தான் இருந்தது என்று ஒருவர் எழுதினார். அந்த மாமனார் இப்போது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு அத்தை டி.பி. என்ற வார்த்தையை மட்டும் எழுதிக் கேள்விக்குறி போட்டார். இன்னொருவர் சிக்கல் சிங்காரவேலரிடம் வேண்டிக்கொண்டுவிட்டதாக எழுதினார்.

நான் அந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. வருடக்கணக்காகத் தினமும் இருட்டறையில் உட்கார்ந்து இதே வெண்மையைத்தான் பார்க்கிறேன். இவ்வளவு பிரகாசம், இத்தனை மில்லிமீட்டர் பரவல், இந்தக் கோணத்தில் தெரிகிறது, அந்தக் கோணத்தில் மறைகிறது என்று குறித்துக் கையெழுத்துப் போடுகிறேன். அன்றைக்கு எனக்கு அதில் தெரிந்தது என் பிள்ளையின் நுரையீரல் மட்டும்தான்.

4

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேச்சு. என் கணவர் கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவர், எதையும் அளந்துதான் செய்வார். அன்றைக்கு விமானச் சீட்டுகளைத் தேடித் தேடிக் கண்கள் சிவந்துபோயின. கயல் பெயரில் ஒரு சீட்டை நிறுத்திவைத்தார். இங்கே எங்கள் காப்பீட்டில் பெரிய மருத்துவமனை இருக்கிறது, வந்த கையோடு அட்டையையும் புதுப்பித்துவிடலாம், இனிமேல் அந்தச் சேறும் மழையும் வேண்டவே வேண்டாம் என்று எங்களுக்குள் பேசி முடித்தோம். பயத்துக்கு நடுவில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மதியம் கயலிடம் பேசினேன். வழக்கமான எதிர்ப்பை எதிர்பார்த்து எல்லா வாதங்களையும் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. குழுவில் வந்ததையெல்லாம் அவளும் படித்திருந்தாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"சரிம்மா. வர்றேன்" என்றாள்.

"பயப்படாத கண்ணு."

"பயமாத்தாம்மா இருக்கு."

பிறகு, பாத்திகளை யார் பார்ப்பார்கள் என்று தானாகவே சொன்னாள். மாமாவுக்கு ரகங்களின் பெயர் தெரியாது, குச்சி நட்டு எழுதி வைத்துவிட்டு வருகிறேன் என்றாள். எந்தப் பாத்தியில் எப்போது தண்ணீரின் உப்பை அளக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஊரைவிட்டுப் போகிறவள் வீட்டைப் பூட்டும் முன் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துவது போல இருந்தது.

செந்திலிடமும் பேசினேன். "நீ பயப்படாதக்கா, நான் இருக்கேன்ல" என்றான். அவன் குரலும் சரியாக இல்லை.

5

என் கணவருடன் பள்ளியில் படித்த ஒரு மருத்துவர் சென்னையில் இருக்கிறார். அந்தப் படத்தை அவருக்கு அனுப்பியிருந்தோம். திரையை எடுத்த படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அதுவும் வெட்டிய படம், முழுதாக இருந்தாலாவது அனுப்புங்கள் என்று பதில் போட்டார். செந்திலிடம் கேட்டேன். வெட்டாத படத்தை அனுப்பினான். மருத்துவருக்கு அனுப்புவதற்காகத் திறந்தேன்.

இந்தப் படத்தில் மார்பு முழுவதும் இருந்தது. தோளும் கையின் மேல்பகுதியும் தெரிந்தன. உடம்பு முடிந்த பிறகு வெறும் கறுப்பு. அதைச் சுற்றித் திரையின் சாம்பல் நிறச் சட்டம். என் கண் உடம்புக்குள் போகவேயில்லை, பழக்கத்தில் நேராகச் சட்டத்தின் மூலைக்குப் போய்விட்டது.

அந்த வெண்மை நுரையீரலின் மூலையில் நிற்கவில்லை. விலா எலும்பைத் தாண்டியது, தோலைத் தாண்டியது, உடம்புக்கு வெளியே வெறும் காற்று மட்டும் இருக்கும் இடத்துக்கும் போயிருந்தது. அங்கேதான் இன்னும் அடர்த்தியாக இருந்தது. சட்டத்தின் மூலையைத் தொட்ட இடத்தில் எல்லாவற்றையும்விட வெளுப்பு. மூலையிலிருந்து கிளம்பி உள்ளே வரவரக் கரைகிறது. நுரையீரலில் கோத்த நீர் ஒருத்தியின் உடம்பைவிட்டு வெளியே வந்து காற்றில் நிற்காது.

உடனே செந்திலைக் கூப்பிட்டேன். அந்தத் திரையை வேறு ஏதாவது படம் எடுத்தாயா என்று கேட்டேன்.

"மொத்தம் மூணு எடுத்தேங்க்கா. ரெண்டு சரியா விழல. ஒண்ணு கை ஆடிப்போச்சு. இன்னொண்ணு அவரு படத்தத் தொறக்கறதுக்குள்ள அவசரப்பட்டு அமுக்கிட்டேன், ஒண்ணுமே தெரியாது, கறுப்பா இருக்கும்."

"அந்தக் கறுப்ப அனுப்பு."

"அதுல ஒண்ணுமே இல்லக்கா."

"அதத்தான் நான் பாக்கணும். அனுப்பு."

வந்தது. எக்ஸ்ரே இன்னும் திறக்காத வெறும் கறுப்புச் சன்னல். கயல் இல்லை, எலும்பு இல்லை, நுரையீரல் இல்லை. கீழ் மூலையில் அதே வெண்மை, அதே வடிவில்.

இரண்டு படங்களையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். தலை தெளிவாக வேலை செய்தது. பழைய திரை. தஞ்சாவூர் வெயிலிலும் மழைக்கால ஈரத்திலும் படலம் சுருங்கி மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. கைப்பேசி வேறு இருட்டான காட்சியைக் கண்டால் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிப் படம் எடுக்கும். நேரில் கண்ணுக்கு லேசாகத் தெரிவது அதில் மேகமாக நிற்கும். எங்கள் பிரிவில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் பாடமே ஒளிக்கசிவைக் கைப்பேசிப் படம் வைத்துத் தீர்மானிக்காதே என்பதுதான். பாடம் எடுப்பவள் நான்.

அந்தத் திரைமேல் எனக்கு வழக்கு எதுவுமில்லை. படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க அதுபோதும். மருத்துவர் நோய் பார்ப்பது அதில் இல்லை. அதைப் படம் பிடித்து உலகெங்கும் அனுப்பியது நாங்கள்.

6

என் கணவர் உள்ளறையில் விமானக் கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் இருந்தேன். அவரைக் கூப்பிடவில்லை. கயலையும் கூப்பிடவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

இன்னும் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் சீட்டை அன்றிரவே உறுதிசெய்தாக வேண்டும். செய்துவிட்டால், மருத்துவர் என்ன சொன்னாலும், அதுதான் சீட்டு எடுத்தாயிற்றே, அட்டைக்காகவாவது வந்துவிட்டுப் போ என்று சொல்லலாம். வந்த பிறகு போகவிடாமல் செய்ய எனக்குத் தெரியும். பிள்ளை வேறு அவளாகவே சரி என்று சொல்லிவிட்டாள். டீ கொதித்து வடிகட்டிக் குடிக்கும்வரை இந்தக் கணக்கு எனக்குள் ஓடியது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவள் குச்சிகளில் ரகத்தின் பெயரை எழுதிக்கொண்டிருப்பதுதான் நடுவில் நடுவில் வந்து நின்றது.

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அவளை அழைத்தேன்.

"கயல், அந்த மூலையில வெள்ளையா இருக்கறது உன் நெஞ்சுல இல்ல. அந்தத் திரையில இருக்கு."

"என்னம்மா சொல்ற?" என்றாள்.

விளக்கினேன். இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்தாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது. நெஞ்சில் வேறு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை என்றேன், அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், எனக்குத் திரையைப் பற்றி மட்டும்தான் தெரியும், திரையைப் பற்றி நிச்சயமாகத் தெரியும்.

"எப்பம்மா கண்டுபிடிச்ச?"

"இப்பத்தான். கொஞ்சம் முன்னாடி."

"கொஞ்சம்னா?"

"ஒரு டீ போட்டுக் குடிக்கிற நேரம்."

அவள் என் மகள். அந்த நேரத்தில் நான் என்ன யோசித்திருப்பேன் என்று கேட்கவில்லை. சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"டாக்டர் பாக்கட்டும்மா. நெஞ்சுல ஏதாச்சும் இருந்துச்சுன்னா கண்டிப்பா வர்றேன். இல்லன்னா..."

"இல்லன்னா பயிரப் பாரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. உள்ளறைக்குப் போய்க் கணவரிடம் விஷயத்தைச் சொல்லி, சீட்டை உறுதிசெய்ய வேண்டாம் என்றேன். அவர் அந்தக் கறுப்புப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எனக்கே தெரிஞ்சிருக்கணும்" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியவில்லையே என்றேன்.

செந்திலுக்குச் சொன்னபோது அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அப்ப நாங்க குடும்பத்தோட பயந்து செத்தது டி.வி. பொட்டிக் கோளாறுக்கா?" என்று கேட்டான்.

"ஆமா. டி.வி. ரிப்பேர்காரி சொல்றேன், நம்பு."

அவன் அழுதான் என்று நினைக்கிறேன். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

7

திங்கட்கிழமை மருத்துவர் தன்னுடைய திரையில் படத்தைப் பார்த்தார், அறிக்கையைப் படித்தார், திரும்பவும் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். மூலைகள் இரண்டும் சுத்தமாக இருக்கின்றன, நீர் எதுவும் இல்லை. மூச்சுக்குழாயில்தான் அழற்சி, சளி கட்டியிருக்கிறது. மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒரு வாரம் வயலில் கால் வைக்கக் கூடாது என்றாராம். சளிப் பரிசோதனையும் செய்யச் சொன்னார், அதிலும் ஒன்றுமில்லை. துபாய்த் தம்பி, தான் சும்மா ஒரு சந்தேகத்துக்குத்தான் வட்டம் போட்டதாகக் குழுவில் எழுதினான். வேண்டிக்கொண்டவர் மட்டும், திரைக் கோளாறாக மாற்றிக்கொடுத்ததே முருகன்தான் என்றார். அவரோடு வாதாட என்னால் முடியாது.

அந்த வாரமே எங்கள் பிரிவுக் கூட்டத்தில் நான் ஒரு விஷயத்தை எழுப்பினேன். திரையை இருட்டறையில் வைத்து, பயிற்சி பெற்ற கண்ணால் பார்த்து, கசிவு இந்த அளவுக்குள் இருந்தால் போதும் என்று விடுகிறோம். உலகத்தில் யாரும் திரையை அப்படிப் பார்ப்பதில்லை. திரையைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள், ஓரத்தை வெட்டுகிறார்கள், மூன்று நாட்டுக்கு அனுப்புகிறார்கள், அதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மருத்துவமனை மேசைகளுக்குப் போகும் திரைகளிலாவது மூலைக் கசிவின் எல்லையை இன்னும் குறைக்க வேண்டும், அதற்கு இன்னும் இளக்கமான பசையைக் கொண்டுவர வேண்டும் என்றேன்.

பிரிவுத் தலைவர் நல்லவர், ஆனால் செலவென்றால் புருவத்தைத் தூக்குவார். மருத்துவமனைத் திரையை யார் கைப்பேசியில் படம் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டார்.

என் தம்பி எடுப்பான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் இரண்டு படங்களையும் சுவரில் போட்டுக் காட்டினேன். முதலில் வெட்டிய படம். இவளுக்கு என்ன வியாதி, சொல்லுங்கள் என்றேன். திரையோடு பிறந்தவர்கள் போன்ற அத்தனை பொறியாளர்களும் அந்த வெண்மையைக் காட்டி நுரையீரல் என்றுதான் சொன்னார்கள். அடுத்துக் கறுப்புப் படத்தைப் போட்டேன். சிரிப்பு நின்றது. இவள் யார் என்று தலைவர் கேட்டார். என் மகள் என்றேன்.

இப்போது புதுப் பசை போட்ட திரைகள் கீழ்வேளூர் அறையில் இருக்கின்றன. முதல் தொகுதியில் படலத்தின் ஓரம் உரிந்தது. இரண்டாவதில் உரியவில்லை, மூலையும் நன்றாகக் கறுத்திருக்கிறது. இது வந்துவிடும். எனக்கு அதில் சந்தேகமில்லை.

8

கயல் வரவில்லை. கதிர் வந்தது, உப்பேறிய பாத்திகளில் இரண்டு ரகம் தாக்குப்பிடித்தது, அறுவடை முடியும்வரை நகரமாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. பழைய பயங்கள் ஒன்றும் போய்விடவில்லை, ஸ்கூட்டி பயம் உட்பட. கேள்விகளை மட்டும் தினம் இரண்டாகக் குறைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் நான் கேட்காததையும் அவளே சொல்கிறாள்.

அட்டையின் கடைசி நாளுக்கு முன்னால் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். தானாகக் காலாவதியாக விட்டுவிடலாம்தான். முறையாகச் சொல்லிவிட்டால் பிறகு அவள் வந்துபோகும்போது கேள்வி வராது என்று என் கணவர் சொல்லியிருந்தார். சொல்ல வேண்டிய சீன வாக்கியத்தை பஸ்ஸில் வரும்போதே கோத்து வைத்துக்கொண்டேன். என் மகள் இந்தியாவில் படிக்கிறாள், ஆகவே புதுப்பிக்கவில்லை. அவ்வளவுதான்.

போன முறை பார்த்த அதே பெண்தான் இருந்தாள். அட்டையின் எண்ணைக் கணினியில் அடித்துவிட்டு, மகள் எங்கே என்று கேட்டாள்.

இத்தனை வருடமாகச் சீனம் பேசுகிறேன். பதற்றம் வந்தால் கோத்து வைத்த வாக்கியம் கலைந்து, அடியில் கிடக்கும் எளிய சொற்கள்தான் வாயில் வருகின்றன. "வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்" என்றேன்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பிறந்தது இந்த ஊரில் என்றல்லவா இருக்கிறது என்று, தவறு தன்னுடையதாக இருக்குமோ என்ற தயக்கத்தோடு கேட்டாள்.

திருத்திச் சொல்லியிருக்கலாம். சரியான வாக்கியம் அதற்குள் ஞாபகத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"ஆமாம். பிறந்தது இங்கேதான்" என்றேன். "வீடு அங்கே."

அவள் தலையசைத்து எதையோ பதிந்துகொண்டாள். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.